கண்ணுக்கு நேராக ஒரு படம்

14

பாம்! பாம்! பாம்!

வாசலில் அலறிய ஹார்ன் சத்தத்தில் கங்காவின் கை ஆடியது. இடுக்கியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த நகத்தளவு முருகன் வழுக்கி, தண்ணீர்த் தட்டில் மறுபடியும் விழுந்தார்.

"ண்ணே! நிறுத்துண்ணே!" என்று சன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"மணி என்னா ஆச்சுன்னு பாத்தியாலா? சாமான் ரெடியா, இல்லையா?" காருக்குள்ளிருந்தே பாலனின் குரல் வந்தது.

சாமான்! ஒரு வாரமாக அந்தச் சொல்தான் அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே மேசையில், ஒரு சாண் நீளமுள்ள குட்டி லோரிக்கு அவள் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ராவாங்கிலிருந்து வந்திருந்த அண்ணன் பாலகிருஷ்ணன் அப்போதுதான் அந்தக் கெடுவைப் போட்டான்.

"விளையாட்டுச் சாமான் செஞ்சு பொழைச்சவங்க யாரையும் நான் பாத்ததில்ல. சரி, கடைசியா ஒண்ணு சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை தவுக்கே லிம் இதைப் பாத்து, 'ஆமா, இது எங்கப்பாவோட லோரிதான்'னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். நான் பாத்து வச்சிருக்கிற ராவாங் பேக்டரி வேலைய விட்டுட்டு நீ கிள்ளானுக்கே போ. சொல்லலைன்னா, மறுநாள் காலையில ராவாங் பஸ்ல ஏறிடணும். என்னா?"

"சரி" என்றாள் கங்கா.

அப்பாவும் அம்மாவும் சாட்சி.

கிள்ளானில் விளம்பரப் பலகையும் ஸ்டிக்கரும் அச்சடிக்கும் சிவானந்தம், தன் கடையில் அவளுக்கு ஒரு மேசை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். வீடு கட்டி விற்கும் கம்பெனிகளுக்கெல்லாம் இப்போது குட்டி வீடுகள் வேண்டியிருக்கிறதாம். ஆனால் அவரும் ஒரு வார்த்தை சேர்த்தே சொன்னார்: "மொதல்ல செகிஞ்சான் வேலைய முடிம்மா. தவுக்கே வாயால நல்லா இருக்குன்னு ஒரு சொல்லு வரட்டும்."

அந்த நாள் இன்று.

செகிஞ்சானில், முதலாளி என்ற பொருளில் ஊரே 'தவுக்கே' என்று அழைக்கும் லிம்மின் புது நெல் ஆலைத் திறப்பு விழா. ஆலை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாகக் காத்திருந்தது. தவுக்கேயின் தகப்பனார் முதன்முதலில் வாங்கிய லோரியின் மாடல் அதற்குள் நிற்க வேண்டும். அசல் லோரி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், அதை ஓட்டியவரும்தான்.

ஓட்டியவர் கங்காவின் அப்பா அழகேசன். தஞ்சோங் காராங்கிலும் சுங்கை புரோங்கிலும் பழைய ஆட்கள் இன்றும் அதை 'அழகேசன் லோரி' என்றுதான் சொல்வார்கள்.

கங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இடுக்கியைத் தண்ணீரில் விட்டாள்.

இவை சாதாரண ஸ்டிக்கர் இல்லை. அந்த வீட்டில் இவற்றுக்குத் 'தண்ணி ஸ்டிக்கர்' என்று பெயர். தாளைத் தண்ணீரில் நனைத்தால், மேலே இருக்கும் வெங்காயச் சருகு போன்ற படலம் மட்டும் பிடிவிட்டு வழுக்கி வரும். அதை மாடலின் மேல் நகர்த்தி, இடம் பார்த்து நிறுத்தி, அடியிலிருக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதிகம் ஊறினால் பசை போய்விடும். குறைவாக ஊறினால் கிழியும். அடியில் காற்றுப் புகுந்தால், எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்தது போல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தடவை அவள் மாட்டிக்கொண்டது அதில்தான். பெயின்ட் பழசாகத் தெரியட்டும் என்று மங்கலான பச்சை அடித்து, அதன்மேல் நேராக ஸ்டிக்கரை ஒட்டினாள். இரண்டு கதவும் வெள்ளி பூத்துப் போயின. எல்லாவற்றையும் சுரண்டினாள். மறுபடியும் பச்சை அடித்தாள். அதன்மேல் கண்ணாடி போல் மின்னும் வார்னிஷ் பூசி, அது காய்ந்த பிறகு ஒட்டினாள். பிறகுதான் மங்கலான பூச்சைக் கொடுத்தாள். இப்போது கதவில் கம்பெனிப் பெயரும் எடை எழுத்துகளும், எந்தக் காலத்திலோ யாரோ தூரிகையால் எழுதிவிட்டுப் போனது போல் இருந்தன.

மிச்சம் இருந்தது இந்த முருகன் மட்டும்.

லோரியின் முன்கண்ணாடியில், உள்பக்கம் பார்த்து, ஒரு முருகன் படம் ஒட்டியிருந்ததாக அப்பா சொல்லியிருந்தார். பழைய படத்தில் அது தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்து வெள்ளையாக இருந்தது. அதனால் கங்கா வெறும் ஸ்டிக்கர் தாளில், மயிர் நுனித் தூரிகையால் தானே முருகனை வரைந்தாள். வேல், மயில், மஞ்சள் வேட்டி. ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று இன்னொன்றும் வரைந்து வைத்தாள். இரண்டாவதில் மயிலின் கழுத்து கொஞ்சம் கோணல். முதலாவதுதான் அவளுக்குப் பிடித்தது.

லோரியில் இன்னும் பொருத்தாத முன்கண்ணாடி, தீப்பெட்டி அளவில், சாசரில் கிடந்தது. அதன்மேல் படலத்தை இறக்கி, ஈரத் தூரிகையால் மெல்லத் தள்ளினாள்.

படத்தை எந்த உயரத்தில் ஒட்டுவது என்பதையும் அவள் கணக்குப் போட்டே வைத்திருந்தாள். ஓட்டுநர் உட்கார்ந்தால், அவர் கண்ணும் சாமி கண்ணும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இது அப்பாவின் சட்டம். பாலன் புது சாகா கார் வாங்கியபோதும், அவனை சீட்டில் உட்காரவைத்து அளந்து பார்த்துத்தான் அப்பா படம் ஒட்டினார். அதனால் கங்கா அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்து, அதை மாடலுக்குச் சுருக்கி, புள்ளி வைத்திருந்தாள்.

"அது அங்க இல்ல."

கங்கா திரும்பினாள். அம்மா இராஜம்மா பின்னால் நின்றாள். கையில் தோசைத் தட்டு.

"எது அங்க இல்ல?"

"சாமி படம். இன்னும் கீழ இருக்கும்."

"எவ்ளோ கீழ?"

"ஸ்டியரிங்குக்கு மேல, கை அகலத்துக்கு."

கங்கா சிரித்துவிட்டாள். "ம்மா, அப்பா எவ்ளோ உயரம்! அங்க ஒட்டுனா சாமி அப்பாவோட சட்டை பட்டனைத்தான் பாக்கும்."

"நான் பாத்தேன். அதான் சொன்னேன்." அம்மா தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கங்காவுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அப்பா குளியலறையிலிருந்து வந்ததும் கேட்டாள். "ப்பா, படம் உங்க கண்ணுக்கு நேராதானே இருந்துச்சு? அம்மா கீழங்கிறாங்க."

அழகேசன் தலை துவட்டுவதை நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை போனது.

"நீ எங்க ஒட்டுனியோ அங்கேயே இருக்கட்டும்மா" என்றார். இடது காலை இழுத்து நடந்து, சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனார்.

கங்கா தண்ணீரை ஒற்றி எடுத்தாள். முருகன் புள்ளியில் நின்றார். இனி காய வேண்டும். அவ்வளவுதான். வண்டியின் மரப் பலகைகளில் ஒட்டிய எழுத்துகளின் மேல் வினிகரைத் தூரிகையால் தடவ ஆரம்பித்தாள். வினிகர் பட்டால் படலம் இளகி, பலகை இடுக்குகளுக்குள் இறங்கி உட்காரும்.

செருப்பைக் கழற்றிவிட்டு பாலன் உள்ளே வந்தான். பளபளக்கும் சட்டை. நெற்றியில் கோவில் விபூதி.

"என்னா நாத்தம் இது? லோரிக்கு ஊறுகாய் போடுறியா?"

"மேசைய இடிக்காம நில்லுண்ணே."

"சாமான் எங்க? இதானா? கொழந்தப் புள்ளைங்க இழுத்துட்டுப் போறதுக்குக் கயிறு கட்டலியே..."

பேசிக்கொண்டே குனிந்தவன் சாசரில் இருந்த கண்ணாடித் துண்டைப் பார்த்தான். பேச்சு நின்றது.

வேலும் மயிலும் மஞ்சள் வேட்டியுமாக, நகத்தளவில் முருகன் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாலனின் கை தானாகப் போனது. துண்டை எடுத்தான். எந்த சாமி படத்தைப் பார்த்தாலும் செய்கிற பழக்கம். வலக்கண்ணில் ஒற்றிக்கொண்டான். இடக்கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டான்.

"ண்ணேய்ய்!"

கங்கா போட்ட கூச்சலில் அடுப்படியில் கரண்டி விழுந்தது.

பாலன் கையில் வெறும் கண்ணாடித் துண்டு. முருகன் அவன் இடது இமையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் திறக்காத! அசையாத! அப்டியே நில்லு!"

"என்னாலா ஆச்சு? என்னா கண்ணுல?"

"முருகன்!"

"என்னா?"

"முருகன்ணே! இப்பதான் ஒட்டுனேன், இன்னும் காயல! அதைப் போயி கண்ணுல ஒத்துறியே!"

ஓடிவந்த இராஜம்மா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்ட கையோடு நிற்கும் மகனைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. கங்கா ஈரத் தூரிகையை எடுத்துக்கொண்டு அண்ணனின் இமைக்குப் பக்கத்தில் போனாள். மயில் வந்தது. வேல் வந்தது. முருகனின் முகம் மட்டும் இமை மயிரில் சிக்கிக் கிழிந்தது.

அவள் கிழிந்த துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாலனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நான்... பத்துமலைக் கடையில வாங்கி ஒட்டியிருக்கேன்னு நெனச்சேன். இது... நீயா வரைஞ்ச?"

"பின்ன? சாமானுக்கு முருகனே எறங்கி வந்து படம் குடுப்பாரா?"

பாலன் கோவிலில் பேசுகிற குரலில் கேட்டான். "வேற இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் போச்சுன்னா நீ ஜெயிச்ச. காலையில பஸ்ல ஏறிடுறேன்."

பாலன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். அதற்குப் பிறகு அவன் ஹார்ன் பற்றியோ மணி பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

கங்கா கழுத்துக் கோணிய மயிலோடு இருந்த இரண்டாவது முருகனைத் தண்ணீரில் போட்டாள். படலம் இளகும் நேரத்தில் கண்ணாடியைத் துடைத்தாள். அவள் வைத்த புள்ளி அப்படியே இருந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது.

இந்த லோரி வேலையில் அம்மா இதுவரை எதிலுமே தலையிட்டதில்லை. பச்சை இந்தப் பச்சையா என்று கேட்டபோதும், 'அப்பாவைக் கேளு' என்றாள். பம்பரின் நசுங்கல் வலமா இடமா என்று கேட்டபோதும் அதேதான். இந்த ஒரு இடத்தில் மட்டும், கேட்காமலே வந்து நின்று சொன்னாள்.

"ம்மா."

"என்னாம்மா?"

"நல்லா தெரியுமா? கீழதானா?"

இராஜம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். கண்ணாடித் துண்டை ஒரு கணம் பார்த்துவிட்டு, சுண்டு விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினாள். யோசிக்கவே இல்லை.

"இங்க."

"அப்பா சொன்ன கணக்குப்படி அது தப்பும்மா" என்றான் சுவரோரம் நின்ற பாலன். "கண்ணுக்கு நேரா இருக்கணும். என் கார்லயே அப்டித்தான் ஒட்டுனாரு."

"நான் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். அப்புறம் அவ இஷ்டம்." அம்மா நகர்ந்துவிட்டாள். சாமி மேடையில் ஊதுபத்தி வைக்க வேண்டும். மேடை அவளுக்கு எட்டாது. எப்போதும் போல முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

கங்கா படலத்தை வழுக்கவிட்டாள். அம்மா விரல் காட்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒற்றினாள்.

"தவுக்கே கேட்டா என்னா சொல்லுவ?" பாலன் விடவில்லை.

"அம்மா சொன்னாங்கன்னு சொல்லுவேன்."

படம் காய்ந்ததும், முன்கண்ணாடியை வெள்ளைப் பசை வைத்துப் பொருத்தினாள். முழுக்கை வெள்ளைச் சட்டையில் அப்பா வெளியே வந்தார். லோரியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இத்தனை நாளும் தனித்தனியாகக் கிடந்த கதவும் சக்கரமும் பலகையும் சேர்ந்து, இப்போது கிளம்பத் தயாராக நின்றன. குனிந்து, ஓட்டுநர் பக்கச் சன்னல் வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார்.

"படத்தை இங்க ஒட்டச் சொன்னது யாரு?"

"அம்மாதான்ப்பா. தப்பா?"

இராஜம்மா முக்காலியிலிருந்து இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேரமாச்சு. கெளம்பலாம்" என்றார் அழகேசன்.

*

புக்கிட் ரோத்தானைத் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி இறங்கி, கார் வடக்கே போனது. அப்பா முன்சீட்டில், காலை நீட்டிக்கொண்டு. பின்சீட்டில் கங்காவும் அம்மாவும். கங்காவின் மடியில் பிஸ்கட் பெட்டி. அதற்குள் பஞ்சு மெத்தையில் லோரி.

"மெதுவா போண்ணே."

"மாட்டு வண்டி கூட முந்திட்டுப் போவுதுலா. இதுக்கு மேல என்னா மெதுவு?"

தஞ்சோங் காராங் கடைகள் முடிந்ததும் இரண்டு பக்கமும் நெல் வயல். பச்சை கண்ணைப் பறித்தது.

"பாலா, முன்னால வாய்க்கா பாலம். இப்பவே கியரைக் கொறை. அங்க ரோடு எறங்கியிருக்கும்" என்றாள் அம்மா, வெளியே பார்த்தபடி.

"ம்மா! லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கா, எங்கிட்ட இருக்கா?"

அப்பாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது. அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார் பாலத்தில் ஏறி இறங்கியபோது தூக்கிப் போட்டது. கங்கா பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

பாலன் கியரைக் குறைத்தான்.

*

ஆலை வாசலில் சிவப்புத் துணி பறந்தது. சிங்க நடனக்காரர்கள் முரசு அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆலையில் மூட்டை தூக்கிய கிழவர்கள் எல்லோரையும் தவுக்கே முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார். அவர்களில் ஒரு சீனக் கிழவர், இராஜம்மாவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கையை உயர்த்தினார். இராஜம்மா லேசாகத் தலையசைத்துவிட்டு மகனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தவுக்கே லிம்முக்கு நாற்பது வயதிருக்கும். தமிழையும் மலாயையும் கலந்து கட்டிப் பேசுவார். தகப்பனார் அந்த லோரியை வைத்துத் தொழில் நடத்திய காலத்தில் அவர் பினாங்கில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். லோரியை அவர் பார்த்ததை விட, அதைப் பற்றித் தகப்பனார் சொல்லக் கேட்டதே அதிகம்.

"கங்கா! கொண்டு வா, கொண்டு வா!"

கங்கா மேசைமேல் லோரியை வைத்தாள். கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது.

தவுக்கே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பம்பரைப் பார்த்தார். நசுங்கல் இருந்தது. "இது படகுத்துறை ஜெட்டியில இடிச்சது. என் அப்பா ஒரு வாரம் திட்டுனாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்பலகையைப் பார்த்தார். கதவுக்கு வந்தார். தகப்பனாரின் பெயர் சீனத்தில் மூன்று எழுத்தாக நின்றது. விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

கங்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்து அசையவில்லை.

"இது ஸ்டிக்கரா, கையால எழுதுனதா?"

"ஸ்டிக்கர் தவுக்கே."

"பொய்!" நகத்தால் மறுபடியும் தடவினார். "ஓரமே தெரியலியே. என் அப்பா பேரு... பாகுஸ். ரொம்ப பாகுஸ், அருமை."

அழகேசன் நெஞ்சை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். பாலன் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரிடம் மெதுவாகச் சொல்வது கங்காவின் காதில் விழுந்தது. "என் தங்கச்சி. தனியா செஞ்சது. வீட்ல, சாப்பாட்டு மேசையில வச்சி."

தவுக்கே திரும்பி, தயாராக வைத்திருந்த மாலையை எடுத்து அழகேசனின் கழுத்தில் போட்டார். "இந்த லோரி ஓடுனதாலதான் இந்த ஆலை. லோரிய ஓட்டுனது இவரு!" என்று மைக்கில் உரக்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அழகேசன் கும்பிட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

தவுக்கே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். லோரியை உள்ளே வைக்கும் முன், ஏதோ ஞாபகம் வந்தவர் போல் சட்டைப் பையிலிருந்து பேனா விளக்கை எடுத்தார். ஓட்டுநர் சன்னல் வழியாக உள்ளே வெளிச்சம் அடித்தார்.

"ஓ, சாமி படம்! இதுவும் இருக்கா! என் அப்பா சொல்வாரு..."

நிறுத்தினார். அழகேசனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடியும் உள்ளே பார்த்தார்.

"இது மட்டும் சாலா, தப்பு போல இருக்கே."

முரசுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போல் இருந்தது கங்காவுக்கு. "என்ன சாலா, தவுக்கே?"

"என் அப்பா லோரியில ஏறும்போதெல்லாம் இந்த சாமிக்கு ஒரு கும்பிடு போடுவாராம். எங்க இருக்குன்னா, ஓட்டுற ஆளு கண்ணுக்கு நேரா. அப்டித்தான் சொன்னாரு. இது ரொம்பக் கீழ. அழகேசன் எவ்ளோ உயரம் பாரு. அவரு உட்கார்ந்தா இது நெஞ்சுக்குத்தான் வரும்." விளக்கை அணைத்தார். "தப்புன்னா வேணாம். என் அப்பா பேரு இருக்கு இதுல. எடுத்துட்டுப் போயி சரி பண்ணிக் கொண்டா. பெட்டி காலியா இருக்கட்டும், பரவால்ல."

பெட்டி காலியாக இருக்கட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று கங்காவுக்குத் தெரியும். ராவாங் பஸ்ஸின் கிழிந்த சீட் கண் முன்னால் வந்து போனது. காலையில் வைத்த அந்தப் புள்ளியும்.

அவள் வாய் திறப்பதற்குள் பாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தவுக்கே, அது தப்பு இல்ல."

"நீ யாரு?"

"அவ அண்ணன். அந்தப் படத்தை அப்பா கண்ணுக்கு நேராதான் அவ மொதல்ல ஒட்டுனா. நான்தான் கெடுத்தேன். அப்புறம் எங்கம்மா இடத்தைக் காட்டி ஒட்டச் சொன்னாங்க. எங்கம்மா பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டாங்க."

கங்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இடது இமையில் இன்னும் ஒரு துளி மஞ்சள் ஒட்டியிருந்தது. முருகனின் வேட்டி.

தவுக்கே கோபப்படவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "உங்கம்மா பாத்திருக்கலாம். லோரிய ஓட்டுன ஆளு இங்கேயே நிக்கிறாரே. அவரே சொல்லட்டும்." அழகேசன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் கணக்கு. இது பெதுலா, சாலாவா? சரியா, தப்பா?"

கூட்டம் அழகேசனைப் பார்த்தது.

'சாலா' என்று ஒரு வார்த்தை போதும். அவர் பேர் அப்படியே இருக்கும். மாலையும் கழுத்தில் இருக்கும். மகள் படத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஒட்டிக் கொண்டுவந்துவிடலாம். பஸ் விஷயத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

"ஏங்க... விடுங்க" என்றாள் இராஜம்மா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பழைய கதை. இப்ப என்னாத்துக்கு?"

அழகேசன் அவளைப் பார்த்தார். முன் வரிசையில் அந்தச் சீனக் கிழவர் இப்போது முழுவதுமாக எழுந்து நின்றிருந்தார்.

அழகேசன் மாலையைக் கழற்றினார். இடது காலை இழுத்து இழுத்து நடந்து, மகனுக்குப் பின்னால் மறைந்து நின்ற மனைவியிடம் போனார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட, மாலையை அவள் கழுத்தில் போட்டார். அது அவள் முழங்கால் வரைக்கும் தொங்கியது.

பிறகு தவுக்கேயை நோக்கித் திரும்பினார். மைக் இல்லாமலே அவர் குரல் ஆலைக் கூரை வரைக்கும் போனது.

"படம் ஓட்டுற ஆளு கண்ணுக்கு நேராதான் இருக்கு தவுக்கே. நெல்லு மூட்டை விழுந்து என் காலு போன நாள்லேர்ந்து அந்த லோரிய ஓட்டுனது நான் இல்ல, என் பொஞ்சாதி!"